கவிழ்த்த டம்ளரில் தண்ணீர் ஏன் நிற்பதில்லை?

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி என்றால் இந்த ஒரு வித்தை கட்டாயம் இருக்கும். கண்ணாடி டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர். அதன் வாயில் ஒரு போஸ்ட் கார்டு. கார்டை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, மெல்லக் கையை எடுத்தால் தண்ணீர் கொட்டாது. "காற்றழுத்தம் தாங்குகிறது" என்று எட்டாம் வகுப்புப் பையன் மனப்பாடமாகச் சொல்வான். சரியான பதில்தான். காற்றழுத்தத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை, சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரையே அது தாங்கிவிடும்.

அப்படியானால் கார்டை உருவியதும் மட்டும் ஏன் கொட்டுகிறது? கார்டு இருந்தபோது தாங்கிய அதே காற்று இப்போதும் கீழேதான் இருக்கிறது. அழுத்தம் ஒரு துளிகூடக் குறையவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டால் அந்தப் பையன் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் வாத்தியாரும் கொஞ்சம் யோசிப்பார்.

விஷயம் என்னவென்றால், காற்றுக்குத் தாங்கும் பலம் இருக்கிறது, ஆனால் தண்ணீரின் அடிப்பரப்பு ஆடாமல் அசையாமல் மட்டமாக இருந்தால்தான் அந்தப் பலம் செல்லும். அந்தப் பரப்பில் எங்கோ ஒரு சின்ன நெளிவு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொங்கிய இடத்தில் தண்ணீர் இன்னும் தொங்கும். மேடான இடத்தில் காற்று இன்னும் உள்ளே நுழையும். நெளிவு பெரிதாகப் பெரிதாக அது வளரும் வேகமும் கூடும். வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல, அப்பட்டமான கூட்டு வட்டிக் கணக்கு! வட்டி விகிதம்தான் கொஞ்சம் அதிகம். தண்ணீர் மேலே, காற்று கீழே என்றால் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள நெளிவு ஏறக்குறைய 0.02 விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. பத்து முறை இரட்டித்தால் 1,024 மடங்கு. அதாவது கண்ணுக்கே தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு உயர நெளிவு, விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். அதற்குப் பிறகு சட்டை நனையும்.

ஆகவே கார்டு எடையைச் சுமக்கவில்லை. பரப்பு நெளியாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. கார்டுக்குப் பதில் ஒரு வேட்டித் துணியை இறுக்கிக் கட்டினாலும் தண்ணீர் நிற்கும். துணியின் ஒவ்வொரு கண்ணிலும் இருக்கும் தண்ணீர்ப் பரப்பு மிகச் சிறியது. சுமார் 1.7 சென்டிமீட்டருக்குக் குறைந்த நெளிவுகளைத் தண்ணீரின் பரப்பு இழுவிசையே அடக்கிவிடுகிறது. ஸ்ட்ராவின் மேல் நுனியை விரலால் மூடித் தூக்கினால் ஜூஸ் கீழே விழாமல் நிற்பதும் இதனால்தான்.

கனமான திரவம் மேலே, லேசானது கீழே இருந்தால் இடையிலுள்ள பரப்பு இப்படிக் குலைவதற்கு ராலே-டெய்லர் நிலையின்மை என்று பெயர். காகிதத்தில் இதன் கணக்கு 1883-லேயே போடப்பட்டுவிட்டது. ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்து பார்ப்பதுதான் பெரும்பாடு. கனமானதை மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும், தொடங்கும் கணம்வரை அது அசையக் கூடாது, தொடங்கும்போது நாமே புதிதாக எந்த நெளிவையும் உண்டாக்கிவிடவும் கூடாது. சுருக்கமாகச் சொன்னால், தண்ணீரைக் கலக்காமல் கார்டை உருவ வேண்டும்! கடந்த நூறாண்டுகளுக்கும் மேலாக இந்தத் துறையில் நடந்த பரிசோதனைகளின் வரலாறு பெரும்பாலும் கார்டை உருவும் வித்தையின் வரலாறுதான்.

இந்தக் கதையில் முதலில் வருகிற ஆளைப் பார்த்தால் பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஸ்டான்லி ஜெவான்ஸ். ஆமாம், இறுதிநிலைப் பயன்பாடு என்று பாடப்புத்தகத்தில் வருகிறாரே, அதே ஜெவான்ஸ்தான். பண்டமாற்றில் இருவர் தேவையும் ஒரே நேரத்தில் பொருந்தி வர வேண்டும் என்ற சிக்கலுக்குப் பெயர் வைத்தவரும் இவரே. 1835-ல் லிவர்பூலில் பிறந்தவர். லண்டனில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் புதிதாகத் தொடங்கவிருந்த நாணயச் சாலையில் தங்கத்தின் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. 1854-ல் கப்பல் ஏறிப் போனார். நல்ல சம்பளம், பேச்சுத்துணைக்கு ஆள் குறைவு, மேலே பெரிய வானம். மேகங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

மிக உயரத்தில் பஞ்சைப் பிரித்துவிட்டது போல இழை இழையாகத் தெரியும் கீற்று மேகங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது அவருடைய கேள்வி. அதற்குத் தண்ணீரில் ஒரு மாதிரி செய்து பார்த்தார். அடியில் குளிர்ந்த சாதாரணத் தண்ணீர், அதன் மேலே வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர். மேட்டுப்பாளையத்தில் வெயில் காலத்தில் நன்னாரி சர்பத் குடித்தவர்களுக்கு இதன் பாதி தெரிந்திருக்கும். பாகைக் கடைசியில் ஊற்றினால் அது நேராக அடிக்குப் போய்விடும், ஏனென்றால் பாகு கனம். ஆனால் ஜெவான்ஸ் மேலே வைத்தது வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர். சூடாக இருந்ததால் சர்க்கரை இருந்தும் அது கீழே இருந்த தண்ணீரைவிட லேசு. நியாயப்படி அது மேலேயே மிதந்துகொண்டிருக்க வேண்டும். மாறாக அது மெல்லிய நூல் நூலாகக் கீழே இறங்கியது.

காரணம் அழகானது. வெப்பம் வேகமாகப் பரவும், சர்க்கரை மெதுவாகத்தான் பரவும். மேலே இருந்த நீர் கொஞ்சம் கீழே தலை நீட்டினால் அதன் சூடு உடனே பறிபோகிறது, சர்க்கரை போவதில்லை. சூடு போய் சர்க்கரை மட்டும் மிஞ்சினால் அது கனமாகிவிடுகிறது. பிறகென்ன, இறங்க வேண்டியதுதான். இதை 1857-ல் இங்கிலாந்தின் ஓர் அறிவியல் இதழில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 21 அல்லது 22, கிட்டத்தட்ட ஒரு கல்லூரி மாணவனின் வயது. மேகத்தைப் பற்றி அவர் சொன்ன விளக்கம் தவறு. அந்தக் கீற்றுகள் மேலிருந்து விழும் பனிப் படிகங்களை மேல்காற்று இழுத்துச் செல்லும் தடங்கள். ஆனால் பாத்திரத்தில் அவர் கண்டது உண்மை.

பிறகு அவர் இங்கிலாந்து திரும்பினார், பொருளாதாரத்துக்குப் போனார், புகழ் பெற்றார். வானத்தை மட்டும் விடவில்லை. சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதால் இந்தியாவில் விளைச்சல் கூடிக் குறைகிறது, அதனால் இங்கிலாந்துச் சரக்கை இந்தியா வாங்குவது கூடிக் குறைகிறது, அதனால்தான் பத்து ஆண்டுக்கு ஒருமுறை லண்டனில் வணிக நெருக்கடி வருகிறது என்று 1870-களின் கடைசியில் வாதாடினார். அப்போதுதான் தாது வருஷப் பஞ்சம் கோயம்புத்தூர், சேலம் பக்கமெல்லாம் ஊர் ஊராகக் காலி செய்து முடித்திருந்தது. பட்டினியை ஏற்றுமதிக் கணக்கின் ஓரத்திலிருந்து பார்த்த கோட்பாடு அது. பின்னாளில் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1882 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தென்கரையில் கடலில் நீந்தப் போனவர் மூழ்கி இறந்தார். வயது 46.

இதற்கிடையே அவருடைய பழைய கட்டுரை ஒருவர் கண்ணில் பட்டிருந்தது. கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பேராசிரியராக இருந்த ராலே பிரபு, 1880-ல் ஜெவான்ஸின் பரிசோதனையைத் தானும் செய்து பார்த்தார். அதை யோசித்து யோசித்து 1883-ல், அடர்த்தி மாறிக்கொண்டே போகும் திரவத்தின் சமநிலை பற்றி ஒரு கணிதக் கட்டுரை வெளியிட்டார். கனமானது கீழே என்றால் அலை ஆடும், கனமானது மேலே என்றால் நெளிவு வளரும், இன்ன வேகத்தில் வளரும் என்று சூத்திரமே கொடுத்துவிட்டார். ஆனால் வெப்பமும் சர்க்கரையும் வேறு வேறு வேகத்தில் பரவும் சங்கதியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். ஜெவான்ஸின் கேள்வியில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை வைத்துவிட்டார் என்று சொல்லலாம். அந்த மீதிப் பாதியை, கடலில் உப்பு விரல்களாக இறங்குவதை ஆராய்ந்த அமெரிக்கர்கள் 1956-லும் 1960-லும் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். நூறு ஆண்டு! பொருளாதாரத்தில் பெயர் பெற்றதாலேயே இயற்பியலில் அவர் மறக்கப்பட்டாரோ என்று தோன்றுகிறது.

ராலேயின் சூத்திரம் வெகு காலம் சும்மா கிடந்தது. அதை எழுப்பியது அணுகுண்டு.

ஜி. ஐ. டெய்லர் கேம்பிரிட்ஜ்காரர். 1944-45-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் குண்டு செய்தவர்களுக்கு ஆலோசனை சொன்னவர், 1945 ஜூலை 16 அன்று நடந்த முதல் சோதனை வெடிப்பை நேரில் பார்த்தவர். வெடிமருந்தால் ஓர் உலோகக் கோளத்தை எல்லாப் பக்கமும் ஒரே சீராக உள்ளே நசுக்க வேண்டும் என்றபோது, லேசான ஒன்று கனமான ஒன்றைத் தள்ளினால் என்ன ஆகும் என்ற கேள்வி வந்தது. டெய்லர் ஒரு சின்ன உண்மையைப் பிடித்தார். கனமானது மேலே இருப்பதும், லேசானது கனமானதை வேகமாகத் தள்ளுவதும் ஒன்றேதான். பஸ் சட்டென்று கிளம்பும்போது நம் முதுகுக்குப் பின்னால் ஒரு புவியீர்ப்பு முளைக்கிறதே, அதுபோல. குண்டுக்குள் மேல் கீழ் என்ற திசை கிடையாது, முடுக்கம்தான் அங்கே ஈர்ப்பு.

இதனால் பரிசோதனைக்காரர்களுக்கு ஒரு பெரிய வழி திறந்தது. கனமானதைக் கஷ்டப்பட்டு மேலே ஏற்றி வைக்க வேண்டியதே இல்லை. அது கீழேயே இயல்பாக உட்கார்ந்திருக்கட்டும். பாத்திரத்தை மொத்தமாகக் கீழ்நோக்கி, புவியீர்ப்பைவிட வேகமாகத் தள்ளினால் போதும், திரவத்தைப் பொறுத்தவரை மேல் கீழாகிவிடும். கார்டே தேவையில்லை. டி. ஜே. லூயிஸ் என்பவர் இதைச் செய்தார். கொஞ்சம் திரவத்தைக் காற்றழுத்தத்தால் புவியீர்ப்பைப் போல ஐம்பது மடங்கு அளவிலான முடுக்கத்தில் கீழே தள்ளி, அதிவேகக் கேமராவால் படம் எடுத்தார். டெய்லரின் கோட்பாடும் லூயிஸின் பரிசோதனையும் 1950-ல் அடுத்தடுத்து வெளிவந்தன. நெளிவின் உயரம் அதன் அகலத்தில் சுமார் 0.4 பங்கு ஆகும்வரை கூட்டு வட்டிக் கணக்கு சரியாக வந்தது. அதற்குப் பிறகு வட்டி நின்றுபோய், உருண்டைத் தலை கொண்ட காற்றுத் தூண்கள் ஒரே சீரான வேகத்தில் திரவத்துக்குள் ஏறின, அவற்றுக்கு இடையே மெல்லிய திரவத் தகடுகள் தொங்கின. இன்றுவரை இந்தத் துறைப் புத்தகங்களில் வரும் உருவம் அதுதான்.

அந்தப் புத்தகங்களில் தலையாயதை எழுதியவர் ஒரு தமிழர். சுப்பிரமணியன் சந்திரசேகர். அப்பா ரயில்வே தணிக்கைத் துறை அதிகாரி (கணக்கு வீட்டிலேயே இருந்திருக்கிறது), அவருக்கு லாகூரில் வேலை என்பதால் 1910-ல் பிறந்தது அங்கே. படித்தது சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும். விண்மீன்களின் எடை வரம்புக்காக அவரை எல்லோருக்கும் தெரியும், 1983-ல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் 1950-களில் ஏறக்குறைய பத்தாண்டு அவர் உழன்றது திரவங்களோடு. ஒரு துறையை எடுத்தால் சில ஆண்டுகள் அதிலேயே மூழ்கி, கடைசியில் ஒரு பெரிய புத்தகத்தை எழுதிவிட்டு அடுத்த துறைக்குப் போய்விடுவது அவருடைய வழக்கம். அப்படி 1961-ல் வந்தது திரவ நிலைத்தன்மை பற்றிய நூல், 650 பக்கத்துக்குச் சற்று மேல். அதில் பத்தாவது அத்தியாயம் முழுக்க ராலே-டெய்லர் நிலையின்மைதான்.

ராலே விட்டுவைத்ததை எல்லாம் அவர் எடுத்துக்கொண்டார். திரவம் பிசுபிசுப்பாக இருந்தால்? பாத்திரம் சுழன்றால்? காந்தப்புலம் இருந்தால்? 1955-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே ராலேயின் 1883 தலைப்பைப் போன்றது, பிசுபிசுப்பு என்ற ஒரு சொல் மட்டும் நடுவில் கூடுதல். குருவுக்கு வணக்கம் சொல்லும் முறை அது.

சந்திரசேகரை வெறும் பேப்பர்-பேனா மனிதர் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும். கீழே சூடாக்கினால் அடித் திரவம் லேசாகிவிடும், மேலே குளிர்ந்த கனமான திரவம் உட்கார்ந்திருக்கும். டம்ளர் வித்தைக்கு இது நெருங்கிய சொந்தம், கார்டு உருவும் தொல்லை மட்டும் இல்லை, அடுப்பை மெல்லக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒரு கட்டத்தில் திரவம் புரள ஆரம்பிக்கும். அந்தத் திரவம் பாதரசமாக இருந்து, பாத்திரம் சுழன்றுகொண்டிருந்தால், அது நேராகப் புரளாமல் முன்னும் பின்னும் ஊசலாடித்தான் தொடங்கும் என்றும், காந்தப்புலத்தில் வைத்தால் புரள்வதே தள்ளிப்போகும் என்றும் சந்திரசேகர் 1952-53-ல் கணக்குப் போட்டுச் சொன்னார். அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில் டேவ் ஃபுல்ட்ஸும் நாககாவாவும் பாதரசத்தைச் சுழற்றிப் பார்த்தார்கள். ஊசலாடியது. காந்தச் சோதனைக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்த பழைய 36½ அங்குல சைக்ளோட்ரான் காந்தத்தைச் சீர்செய்து எடுத்துக்கொண்டார்கள். அணுவை உடைக்கச் செய்த காந்தத்தின் நடுவே ஒரு தட்டுப் பாதரசம்! கணக்கு அங்கும் பொருந்தியது. அந்தப் பரிசோதனை முடிவுகளைச் சந்திரசேகர் தம் நூலில் கோட்பாட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

அதே ஊரில், அதே சமயத்தில், என்ரிகோ ஃபெர்மியும் டெய்லரின் நிலையின்மையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபெர்மிக்குக் குண்டின் பக்கத்திலிருந்து வந்த கேள்வி, சந்திரசேகருக்கு விண்மீனின் பக்கத்திலிருந்து வந்த கேள்வி. இருவரும் 1953-ல் சேர்ந்து காந்தப்புலமும் ஈர்ப்பும் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

சரி, சிறிய நெளிவின் கணக்கு எல்லாம் முடிந்தது. பெரிதாகி, ஒன்றோடொன்று மோதி, மொத்தமும் கலங்கிப் போன பிறகு என்ன? அங்கேதான் ஐம்பது அறுபது ஆண்டுச் சண்டை. கலங்கிய பகுதியின் ஆழம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பதில் பெரிய தகராறு இல்லை. நேரம் இரண்டு மடங்கு என்றால் ஆழம் நான்கு மடங்கு. முன்னால் ஒரு எண் வரும், அதற்கு ஆல்பா என்று பெயர். அந்த எண் என்ன?

இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத ஆராய்ச்சி நிறுவனத்தில் ரீட் என்பவர் ஒரு தொட்டியைச் சின்ன ராக்கெட்டுகளால் கீழ்நோக்கிச் செலுத்தினார். 1984-ல் முடிவுகள் வந்தன. அமெரிக்காவின் லிவர்மோரில் டிமான்டே குழுவினர் ராக்கெட்டுக்குப் பதில் மின்காந்த மோட்டாரால் தொட்டியைத் தள்ளினார்கள். கேம்பிரிட்ஜில் லிண்டனும் மற்றவர்களும் பழைய முறைக்கே போனார்கள். மேலே உப்புத் தண்ணீர், கீழே நல்ல தண்ணீர், நடுவே ஒரு தகடு, தகட்டைப் பக்கவாட்டில் இழுப்பது. கார்டை உருவுவதேதான். ஆனால் தகடு போகும்போது தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதைத் தடுக்க, தகட்டின் மேலும் கீழும் நைலான் துணியைச் சுற்றி, தகடு நகரும்போது துணி தண்ணீரோடு உரசாதபடி ஏற்பாடு செய்தார்கள். அப்படியும் ஒரு மெல்லிய தடம் மிஞ்சியது. டெக்சாஸில் ஆண்ட்ரூஸ் வேறு வழி பிடித்தார். குளிர்ந்த தண்ணீர் மேலேயும் வெந்நீர் கீழேயுமாக, நடுவில் ஒரு தகடு வைத்த கால்வாயில் இரண்டையும் ஒரே வேகத்தில் ஓடவிட்டார். தகடு முடிகிற இடத்தில் இரண்டும் சந்திக்கும். அங்கிருந்து தள்ளிப் போகப் போகக் கலக்கம் முற்றும். நேரத்தை நீளமாக மாற்றிவிட்டார் மனிதர். வாய்க்கால் ஓடும்வரை நிதானமாக அளந்துகொண்டே இருக்கலாம்.

இதற்குள் கம்ப்யூட்டர்கள் வந்து, இதே கணக்கைத் தாங்களும் போட்டன. 2004-ல் பல ஆய்வகங்களின் கணினி நிரல்களை ஒன்றாக வைத்து ஒப்பிட்டபோது ஆல்பா சுமார் 0.025 என்று வந்தது. பரிசோதனைகள் சொன்னது சுமார் 0.057. இரண்டு மடங்குக்கும் மேலே! கணக்குப் புத்தகத்தில் இப்படி வித்தியாசம் வந்தால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். இது வெறும் கௌரவப் பிரச்சினையும் அல்ல. அணு இணைவில் மின்சாரம் எடுக்கலாம் என்று லேசரால் ஒரு குட்டி உருண்டையை நசுக்குகிறார்களே, அங்கே உருண்டை சீராகச் சுருங்காமல் குலைவதற்கு முதல் எதிரி இந்த நிலையின்மைதான். லிவர்மோரில் 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைக் கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். உள்ளே செலுத்தியதைவிட வெளியே அதிகம் வந்தது அதுவே முதல் முறை. கலக்கம் எவ்வளவு ஆழம் போகும் என்று தெரியாமல் அந்த உருண்டையை வடிவமைக்க முடியாது.

கம்ப்யூட்டர் தப்பா, தொட்டி தப்பா? ராமபிரபு, டிமான்டே, ஆண்ட்ரூஸ் மூவரும் 2005-ல் கணினியில் தொடக்க நெளிவுகளை வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். நுண்ணிய நெளிவுகளோடு மட்டும் தொடங்கினால் ஆல்பா சிறியது, அகலமான நெளிவுகளையும் கொஞ்சம் சேர்த்துவிட்டால் ஆல்பா பெரியது. ஆக, தகடு விட்டுப்போன தடம், தொட்டியின் மெல்லிய அதிர்வு எல்லாம் கடைசிவரை கூடவே வந்திருக்கிறது. பரிசோதனைகள் பொய் சொல்லவில்லை. அவை அளந்தது திரவத்தின் குணத்தை மட்டுமல்ல, கார்டை உருவிய கையையும் சேர்த்துத்தான். கலங்கிய திரவம் தன் பிறப்பை மறந்துவிடும் என்று நம்பியதுதான் பிசகு.

இந்த இடத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நடந்த வேலையைப் பார்த்தால் அதன் அருமை புரியும். அங்கே ஜெய்வந்த் அரக்கேரி கேள்வியையே திருப்பிப் போட்டார். தொடக்கம் இவ்வளவு தொல்லை என்றால், தொடக்கம் மறந்துபோகிற மாதிரி ஒரு அமைப்பைச் செய்தால் என்ன? மேலே ஒரு தொட்டியில் உப்புக் கரைசல், கீழே ஒரு தொட்டியில் நல்ல தண்ணீர், இரண்டையும் இணைக்கும் நீண்ட செங்குத்துக் குழாய். அவ்வளவுதான். கீழ்த்தொட்டி மூடியிருப்பதால், எவ்வளவு உப்புத் தண்ணீர் இறங்குகிறதோ அவ்வளவு நல்ல தண்ணீர் ஏறியே தீர வேண்டும். குழாய்க்குள் நிகர ஓட்டம் பூஜ்யம். பேரேட்டில் இருப்பு ஒன்றுமில்லை, ஆனால் நாள் முழுக்கக் கொடுக்கல் வாங்கல்!

மெக்சிகோ விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2000-ல் அவர் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதியதில், இந்தக் குழாய்க்குள் என்னென்ன நடக்கும் என்ற வரிசை இருக்கிறது. உந்துதல் குறைவாக இருந்தால் குழாயைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு ஒரு பக்கம் கனமானது இறங்கும், மறுபக்கம் லேசானது ஏறும். கொஞ்சம் கூடினால் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு திருகு போலப் போகும். இன்னும் கூடினால் நிலையில்லாமல் ஆடும், கடைசியில் முழுக் கொந்தளிப்பு. குழாயின் நடுப்பகுதியில் சுவரும் தொட்டியின் வாயும் செல்வாக்குச் செலுத்துவதில்லை என்பதால், அங்கே நடப்பது சுத்தமான, கனம்-லேசு தவிர வேறெதுவும் இல்லாத கொந்தளிப்பு. அரக்கேரியும் சொலேமாரியும் பிறகு இதை விரிவாக அளந்து 2009-ல் வெளியிட்டார்கள். எவ்வளவு உப்பு இறங்குகிறது என்பதைத் திரவத்தின் பிசுபிசுப்பு தீர்மானிப்பதே இல்லை என்று தெரிந்தது. பெரிய லேசரோ ராக்கெட்டோ எதுவும் இல்லை, ஒரு குழாய், இரண்டு தொட்டி, உப்பு.

அதே பெங்களூர் ஆய்வகத்தில் நடந்த இன்னொரு பரிசோதனை டம்ளர் வித்தைக்கு இன்னும் நெருக்கம். அதைச் செய்தவர் பாபுராஜ் புத்தன்வீட்டில், பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானவர். மேலே உப்புக் கரைசல், கீழே நல்ல தண்ணீர், நடுவே நுண்துளைகள் கொண்ட ஒரு சவ்வு. அந்தச் சவ்வை அவர்கள் எடுக்கவே இல்லை. கார்டை உருவினால்தானே தொல்லை, கார்டு அங்கேயே இருக்கட்டும் என்பது போல. உப்பு சவ்வின் துளைகள் வழியாக மெல்லக் கசிந்து வரும், சவ்வுக்கு அடியில் கனமான ஒரு மெல்லிய படலம் சேரும், அந்தப் படலம் தாங்க முடியாமல் சரியும். சாயம் கலந்து பார்த்தபோது, கனமான நீர் சொட்டுச் சொட்டாகவோ தூண் தூணாகவோ இறங்கவில்லை. நீண்ட நீண்ட கோடுகளாக, திரைச்சீலைகள் போலத் தொங்கி இறங்கியது. பக்கத்துக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கிச் சேர்ந்துகொள்ளும், காலியான இடத்தில் புதிதாக ஒரு கோடு பிறக்கும். அந்தக் கோடுகளுக்கு இடையிலான தூரத்தையும் அவற்றின் மொத்த நீளத்தையும் அளந்து 2005-லும் 2008-லும் கட்டுரைகளாக எழுதினார்கள். சவ்வு கடைசிவரை தன் இடத்திலேயே இருந்தது.